பரங்கிப் பிஞ்சும் மாமாவின் விரலும்

எங்கள் ஊர் ஏரியில் காய்த்த பரங்கியை நான் தனி ஆளாகக் காப்பாற்றினேன் என்று ஒரு வருடம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மாசி தாண்டினால் எங்கள் ஏரி வற்றத் தொடங்கும். கல்வராயன் மலையில் மழை பெய்து மறுபடி தண்ணீர் வரும்வரை அந்தத் தரை ஊருக்குப் பொது. நிலம் இல்லாதவர்கள் ஆளுக்கொரு துண்டு பிடித்து, நாலு மூலையிலும் கல் நட்டு, வெள்ளரி, பரங்கி, கொத்தவரை என்று போட்டுக்கொள்வார்கள். நிலம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போனால் கௌரவக் குறைச்சல். எங்களுக்குக் கரும்புக் கொல்லை இருந்தது. அதனால் அத்தை ஏரியில் கல் நட்டாள் என்று கேட்டதும் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது.

அத்தை அப்பாவின் தங்கை. தியாகதுருகம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடைத் தொடக்கத்தில் ஒரு துணிப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டில் கட்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான் நம்பினேன். பெரியவர்கள் நம்பினமாதிரி இருந்தார்கள். வாழாவெட்டி என்று ஊர் பேசுமே என்பது அப்பாவின் கவலை. அம்மா குறுக்கே புகுந்து பேசியதில், ஏரிக்குத் தண்ணீர் வருகிறவரை அத்தை எங்களோடு இருப்பது, வந்ததும் அப்பாவே கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. போக அவளுக்கு மனமில்லை என்பது எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டுக் குழம்பு ருசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்த அடுத்த நாளே அத்தை மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கிவிட்டாள். நான் பங்காளியாகச் சேர்ந்தேன். ஊற்றுக்குழி தோண்டி, குடத்தில் மொண்டு, ஒவ்வொரு குழிக்கும் ஊற்றினோம். ஆட்டெரு சுமந்தோம். வெள்ளரி காய்க்கத் தொடங்கியதும் அத்தை கூடையில் அடுக்கிக் கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவாள். மலைப்பக்கம் மேகம் கட்டினால் நான் குதிப்பேன். அத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து களை பறிப்பாள். மழை பிடிக்காத மனுஷி என்று அவளைக் கேலி செய்வேன்.

பரங்கி பிஞ்சு விட்டதும் எனக்குப் பதவி கிடைத்தது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும், காட்டியே தீரவேண்டும் என்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த சட்டம். அதை அமல்படுத்தும் அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன். பாத்திப் பக்கம் வந்த ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. வழி கேட்டு வந்த கீரைக்காரர்கூட விரலை மடக்கித்தான் மேற்கைக் காட்டினார்.

வைகாசியில் ஒரு காலை மாமா பைக்கில் வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். அப்பாவை அழைத்துக்கொண்டு நேராக ஏரிக்குள் வந்துவிட்டார். அத்தை பரங்கிக் கொடிக்கு நடுவில் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மச்சான் இது? எம் பொண்டாட்டி ஏரியில காய் பறிச்சிக்கினு இருந்தா எவன் என்னை மதிப்பான்?"

"தண்ணி வரட்டும் மாப்ளே. நானே இட்டுக்கினு வந்து விடறேன்" என்றார் அப்பா.

மாமா அத்தை பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வூட்டுக்குக் கெளம்புறியா, இல்லியா?" என்று கையை ஓங்கினமாதிரி தூக்கி, விரலை நீட்டிக் கீழே இறக்கினார். அத்தை சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். விரல் அவளுடைய காலடியில் கிடந்த முதல் பிஞ்சுக்கு நேராக நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. "மாமா! வெரலை மடக்குங்க! பிஞ்சு அழுவிப்பூடும்!" என்று கத்தினேன்.

மாமாவும் அதே சட்டத்தில் வளர்ந்தவர்தானே, யோசிக்காமல் மடக்கிவிட்டார். மடக்கின விரலை வைத்துக்கொண்டு யாரை மிரட்ட முடியும்? மறுபடி நீட்டப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்று "மடக்குங்க" என்றேன். பக்கத்துப் பாத்திப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அத்தை முகத்திலிருந்து கையை எடுத்தாள். "நான் வர்ல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மாமா பைக்கை உதைத்துக்கொண்டு போனார். அப்பா மட்டும் நகரவில்லை. அத்தையின் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பிஞ்சுக்காகத்தான் பயந்தாள் என்று எனக்கு நிச்சயம். "பிஞ்சு மேல வெரல் படல அத்தை, பயப்படாத" என்று தேற்றினேன். மாமாவையே மடக்கிவிட்ட பெருமையில் அன்று எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஆவணியிலேயே மலையில் கொட்டித் தீர்த்து, தண்ணீர் எங்கள் பாத்திவரை வந்துவிட்டது. அத்தை முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடைசிப் பரங்கியை அறுத்துக் கரையேற்றினாள். வீட்டுக்கு வந்து, துணிப்பையில் சேலைகளை மடித்து வைத்து, வாசலில் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு பேச்சுதானே.

அப்பா பையைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்குப் போனார். அத்தையும் நானும் பின்னாலேயே போனோம். கிணற்று மேட்டில் கரும்பு வைக்காமல் விட்டிருந்த நல்ல துண்டின் நாலு மூலையிலும் அப்பா கல் நட்டார். "இது உன்னுதும்மா. இங்க ஏரித் தண்ணி ஏறாது" என்றார். அத்தை அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அடக்க முடியாமல் அழுதாள்.

எனக்கு அந்த அழுகை விளங்கவே இல்லை. அது நான் பாண்டி ஆடுகிற இடம். நியாயமாக அழ வேண்டியது நான். நாலு பரங்கிக் கொடிக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். காய்கறி போடத்தான் இடம் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.