வாசிக்கப்படாத இரண்டாம் ஓலை

அப்பாவின் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும் என்று ஆவடித் தொழிற்சாலையில் கேட்டார்கள். அவர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் ஒப்புக்கொள்வோம் என்றார்கள். அதை வாங்கி வர எண்பத்து நான்காம் வருடக் கோடையில் ஒரு சனிக்கிழமை நான் பூர்வீக ஊருக்குப் போனேன். அப்பாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி, அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை.

ஊர் செங்கல்பட்டுக்குத் தெற்கே. நடுவில் ஏரி, மேற்குக் கரையில் எங்கள் ஊர், கிழக்குக் கரையில் இன்னொன்று. நிஜப் பெயர்கள் வேண்டாம். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து மேலூரில் ஒரே கோயில். கோயிலில் குடும்பப் புத்தகம் என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே தலைக்கட்டின் பெயர், கீழே பிள்ளைகள், பேரன்கள், பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். மேலூருக்கு ஒரு புத்தகம், கீழூருக்கு ஒரு புத்தகம். சாமியாருக்கு உதவியாக இருந்து ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் எங்கள் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எங்கள் தலைக்கட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘உபதேசி’ என்று எழுதியிருந்தது. நான் ஒரு உபதேசியாரின் வம்சம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. மற்றவர் குடும்பத்தைப் புரட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். ஐந்து மணி பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று வருடம் கழித்து என் தங்கைக்கு வரன் வந்தது. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தாள். மாப்பிள்ளை வீடு சென்னீர்குப்பம். அவர் ஐயப்பன்தாங்கல் டெப்போவில் மெக்கானிக். பெண் பார்க்க அண்ணனூருக்கு வந்தபோது பூர்வீகம் எது என்ற பேச்சு எழுந்தது. அவர்களுக்குக் கீழூர். “அட, ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்” என்று எல்லாருக்கும் சந்தோஷம். அவர்களும் ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. யாரை எங்கே கேட்பது என்று இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

தங்கைக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் நிச்சயத்துக்குப் பிறகு வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல், ரயிலை ஒன்று விட்டு அடுத்ததில் வர ஆரம்பித்தாள். அவர் டெப்போவிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிற்கிறார் என்று அம்மா கண்டுபிடித்தாள். கண்டித்தாள், அவ்வளவு கோபமில்லாமல்.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசையில் இருந்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும். இப்படி மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மறுநாள் நான் ஒரு நாள் லீவு போட்டு மேலூருக்குப் போனேன். கல்யாணத்துக்கு ஒரு பரிசு கொடுக்க நினைத்தேன்: இரண்டு குடும்பத்தின் வம்ச மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, கண்ணாடி போட்டு மாட்டித் தருவது. உபதேசியார் கீழூர்ப் புத்தகத்தில் அவர்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார். தலைக்கட்டின் இடத்தில் அதே பெயர். பக்கத்தில் அதே ‘உபதேசி’. காலமும் பொருந்தியது.

ஒரு மனிதர், ஏரிக்கு இரண்டு கரையிலும் பிள்ளைகள். இரண்டு தாரமாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன். அப்படியென்றால் நாங்களும் அவர்களும் பங்காளிகள். தங்கைக்கு அவர் அண்ணன் முறை.

பஸ்ஸில் திரும்பும்போது என்ன நினைத்தேன் என்று நோட்டில் எழுதவில்லை. பூந்தமல்லியில் இறங்கினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். “உண்மைன்னா சொல்லித்தானே ஆவணும்” என்றார்.

சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். பங்குச் சாமியாரும் வந்திருந்தார். நான் மரத்தை விரித்து வைத்தேன். தேதிகள் எல்லாம் சிவப்பு மையில், கட்டம் கட்டி, சுத்தமாக இருந்தன. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சாமியார்தான் பேசினார். “சபைச் சட்டப்படி இதுல தடை ஒண்ணும் இல்லப்பா. அஞ்சாறு தலைமுறை தள்ளிப் போச்சு.”

மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார். “சட்டம் கோயிலுக்கு, சாமி. நாளைக்கு ஒரு சாவு வுழுந்தா நான் எந்தப் பக்கம் நிக்கறது? சம்பந்தின்னு கோடித்துணி எட்த்துகினு வரதா, பங்காளின்னு பாடைக்குத் தோள் குடுக்கறதா? நீங்களே சொல்லுங்க.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “இன்னா வாத்தியாரே, பொண்ணு கேட்டு வந்தோம், தங்கச்சியக் குடுத்து அனுப்புறியே.” யாரோ சிரித்தார்கள். தங்கை உள்ளே இருந்தாள். டம்ளர்களைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நிற்கவில்லை.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

புதன்கிழமை மாலை மாப்பிள்ளை அண்ணனூர் ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தார். சட்டையில் கிரீஸ் இருந்தது. “அண்ணாத்தே, உன் ஒர்த்தனுக்குத்தான தெரியும். அந்த நோட்டக் கிழிச்சிப் போட்டுட்டு கம்னு இருந்திருக்கலாம்ல?” என்றார். நான் ஏதோ சொன்னேன். ரயில் வந்தது. அவருக்கு அந்த ரயிலில் வேலை இல்லை, ஆனாலும் ஏறிப் போனார்.

அவருக்கு எண்பத்தொன்பதில் திருவள்ளூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். தங்கைக்கு வந்த வரன்களை அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். உயரம், வேலை, தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். பிறகு வரன் வருவது நின்றது. அவள் ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர் ஆனாள்.

இரண்டு வீடும் பங்காளி முறையை விடாமல் கொண்டாடின. சித்தப்பா அதில் கறார். அப்பா இறந்தபோது அவரும் மாப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டியவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அந்த மெக்கானிக்குக்கு முதல் பெண் பிறந்தபோது அத்தை முறைக்கு ஆள் வேண்டுமென்று தங்கையைக் கூப்பிட வந்தார்கள், அவருக்குக் கூடப் பிறந்த பெண்கள் இல்லாததால். அவள் போனாள். வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து ஒரு பையன், அதற்கும் போனாள். பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அண்ணனூருக்கு வந்து நான்கு நாள், ஐந்து நாள் தங்கும். இரண்டும் அவளை அத்தை என்றும் என்னைப் பெரியப்பா என்றும் கூப்பிடும்.

தொண்ணூற்றாறில் மேலூருக்குப் புதிதாக வந்த சாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. பரணில் பழைய ஞானஸ்நானப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது, தொட்டால் உதிர்கிறது. உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உபதேசியார் சொன்னார், படி எடுத்துத் தர முடியுமா? நான்கு சனிக்கிழமை போனேன். படி எடுப்பதென்றால் ஒரு பக்கத்தையும் விட முடியாது.

பஞ்ச காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு ஊரும் மதம் மாறியிருந்தன. பெரியவர்கள், குழந்தைகள், வரிசையாக. தகப்பன் பெயர்க் கட்டத்தில் பழைய சாமி பெயர்கள், ஆளுக்கு ஒன்று. ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் கட்டத்தில் மட்டும் எல்லா வரியிலும் ஒரே பெயர். அத்தனை பேருக்கும் ஞானத்தகப்பனாக நிற்கக் கிறிஸ்தவர் என்று ஊரில் இருந்தது அந்த ஒரு உபதேசியார்தான்.

நான் எழுந்து குடும்பப் புத்தகங்கள் இரண்டையும் கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கத்தைத் தாண்டிப் புரட்டினேன். மேலூரில் முன்னும் பின்னும் எந்த வீட்டைத் திறந்தாலும் தலைக்கட்டு அவர். கீழூரிலும் அப்படியே. பின்னாளில் குடும்பப் புத்தகம் எழுதியபோது, கிறிஸ்தவனாக இருந்த முதல் தகப்பன் யார் என்று கேட்டிருப்பார்கள். எல்லாரும் ஞானத்தகப்பனான அவரைச் சொல்லியிருப்பார்கள். அவருக்கு ஊரில் யாரோடும் ரத்த உறவு இல்லை. தென் மாவட்டத்திலிருந்து வந்தவர் என்று ஒரு குறிப்பு இருந்தது. மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே நடந்த கல்யாணங்கள் பக்கத்துக்குப் பக்கம் பதிவாகியிருந்தன. எங்கள் உண்மையான முன்னோரும் அவர்கள் முன்னோரும் வேறு வேறு ஆட்கள்.

நான் அன்று பார்க்க வேண்டியிருந்தது அடுத்த ஒரு பக்கம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து தங்கை கறி கழுவிக்கொண்டிருந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். முதலில் உபதேசியாரைச் சொன்னேன், பிறகு புத்தகத்தை, பிறகு பக்கத்தைப் புரட்டாததை. அவள் தண்ணீரை மாற்றினாள். மறுபடி கழுவினாள்.

“நிச்சயமா?”

“நிச்சயம். ரெண்டு புத்தகத்தையும் பாத்துட்டேன்.”

“அப்பவும் நிச்சயம்னுதான சொன்ன.”

அவள் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள்.

“அவங்க ஊட்டுக்குச் சொல்லப் போறியா?”

“சொல்லணும்ல.”

“வேணாம்” என்றாள். “நாளைலருந்து அதுங்களுக்கு நான் யாருண்ணா? அவங்க அப்பாவுக்குப் பேசி வுட்ட பொண்ணு. அந்த ஊட்டுக்காரி என்னை வாசல்ல நிக்க வெப்பாளா?”

“அப்ப நான் செஞ்சது?”

“அது செஞ்சாச்சு. இதையும் எடுக்காத.”

மஞ்சள்தூள் டப்பாவைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

சாமியாருக்குப் படி எடுத்த நோட்டைத் தபாலில் அனுப்பினேன். எங்கள் மரத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. மறு வருடம் மே மாதம் அவருடைய மூத்த பெண்ணுக்குப் புதுநன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். சென்னீர்குப்பத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தங்கைதான் அதற்கு வெள்ளைக் கவுன் எடுத்திருந்தாள். முடியைப் பின்னிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர் “அத்த மொறைக்காரங்க யாருமா, முன்னால வாங்க” என்றார். அவள் போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பக்கம் அவரும் அவர் மனைவியும் நின்றார்கள். பங்காளிகளையும் கூப்பிட்டார்கள். நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில், இரண்டாம் வரிசையில் நின்றேன்.