காய்ச்சல் வரவில்லை என்று சொன்னோம்

தம்பிக்கு மலேரியா வந்ததை நாங்கள் ஊருக்கு மறைத்தோம். இப்போது கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். சண்டைக் காலத்தில் மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் இருந்து பார்த்திருந்தால் அப்படித் தெரியாது. மலேரியா என்றால் காட்டுக் காய்ச்சல்; காட்டில் இருந்தது இயக்கப் பொடியன்கள். மீசை அரும்பிய ஒருவனுக்கு அது வந்தால், காட்டில் உனக்கு என்ன வேலை என்று ஆமிக்காரன் கேட்பான். தம்பிக்கு அங்கே மாடு மேய்க்கிற வேலைதான். வாவிக்கு அக்கரையில் மாமாவின் மாட்டுப்பட்டியில் நின்றான். காய்ச்சலில் நினைவு தப்பி, அங்கேயே ஒரு சின்ன மருந்துச்சாலையில் கிடந்து பிழைத்து வந்தான். எலும்பும் தோலுமாய் வந்தவனுக்கு வயிற்றோட்டம் என்று அம்மா அயலுக்குச் சொன்னா.

அடுத்த வருஷம் கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையைத் தாக்கிய மலேரியா சிலருக்குப் பிற்பாடு வலிப்பைக் கொண்டுவரும், முன்பு அப்படிக் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று டொக்டர் கேட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இல்லவே இல்லை என்றா அம்மா. குளிசை கொடுத்தார்கள். ஒழுங்காகப் போட்டால் வலிப்பு வரவில்லை. மாதாமாதம் அவனே பஸ்ஸில் போய் எடுத்து வந்தான்.

ஆனால் அவன் விழுந்ததை ஊர் பார்த்துவிட்டது. அது பரம்பரை வியாதி, நாளைக்கு அக்காக்காரிக்கும் வரும், பிள்ளைகளுக்கும் வரும் என்று கதை கட்டினார்கள். எனக்கு வந்த சம்பந்தங்கள் வாசல் படலையோடு திரும்பிப் போயின.

கடைசியாக ஒரு மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். தம்பியை அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தா. எனக்கு அது பிடிக்கவில்லை. தாய்க்காரி சுற்றி வளைக்காமல், உங்கள் குடும்பத்தில் முன்பும் வலிப்பு இருந்ததா என்று கேட்டா. அம்மா இல்லை என்றதை அவ நம்பவில்லை. அப்போது தம்பி வந்து நின்றான்.

"எங்கட குடும்பத்துல ஆருக்கும் இல்ல. பட்டியில நிக்கக்குள்ள எனக்கு மலேரியா வந்த. அதுக்குப் பிறகுதான் இது. அக்காக்கு ஒண்டும் வராது."

கலியாணம் சரிவந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்.

பேச்சு அங்கே நிற்கவில்லை. இவன் காட்டில் இருந்தவனாம் என்று ஊருக்குள் பரவியது. சோதனைச் சாவடி தாண்டிப் பட்டணம் போக அம்மா அவனை விடவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளிசை கேட்டார்; நோயாளி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குளிசை முடிந்தது. ஒரு காலை வாவியில் வலை வீசப் போனவன் வலிப்பு வந்து தண்ணீருக்குள் விழுந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பிடித்துத் தூக்க ஒருவரும் பக்கத்தில் இல்லை. என் வாழ்க்கைக்கு அவன் உயிரைக் கொடுத்தான் என்றுதான் நான் அழுதேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், தம்பி அன்றைக்கு வாய் திறந்திராவிட்டால் நமக்குக் கலியாணமே இல்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் சொல்லாட்டியும் நான் உன்னத்தான் கட்டியிருப்பன். வரக்குள்ளயே அம்மாட்ட அதச் சொல்லிப்போட்டுத்தான் வந்த நான்."

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன்.

"என்னட்ட ஆரும் கேக்கல்லயே" என்றார்.