சேலைக் காந்தம்

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மணவறையில் நானும் என் தோழியும் இடது தோளோடு இடது தோள் ஒட்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறோம். பக்கத்தில் மாப்பிள்ளை, யாரைப் பிடித்து இழுப்பது என்று புரியாமல் முழிக்கிறார். பார்ப்பவர்கள் எல்லாரும், அவ்வளவு பாசமா என்று கேட்பார்கள். பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு எங்களை ஒட்டவைத்தது காந்தம்.

அப்போது நாங்கள் இருவரும் மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தோம். கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கான காந்தங்கள் எங்கள் வரிசைக்கு வரும். பிறை மாதிரி வளைந்த, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, பளபளவென்று மின்னும் காந்தங்கள். ஓரம் உடைந்திருக்கிறதா, மேல்பூச்சு உரிந்திருக்கிறதா என்று விளக்கின் கீழே பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் ரிஜெக்ட்டை இன்னொரு தட்டிலும் வைக்க வேண்டும். கேட்க எளிதான வேலைதான். இரண்டு காந்தத்துக்கு நடுவே விரல் மாட்டினால் தெரியும் அதன் குணம். எங்கள் வரிசைப் பெண்களை விரலில் இருக்கும் ரத்தக்கட்டை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

தொழிற்சாலை பஸ் விடியுமுன்னே கிள்ளான் லிட்டில் இந்தியா முனையில் வந்து நிற்கும். பூக்கடைகள் திறந்திருக்காது, ஆனால் மல்லிகை மூட்டையை இறக்கும் வாசம் மட்டும் வரும். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, தோழி எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருப்பாள். ஷா ஆலம் போய்ச் சேருவதற்குள் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். உள்ளே போய்த் தொப்பி, முகமூடி, வெள்ளை அங்கி மாட்டியபின் கண்ணால் மட்டும்தான் பேச முடியும். அவள் கண்ணாலேயே மேற்பார்வையாளரைப் போல நடித்துக் காட்டி என்னைச் சிரிக்கவைத்து மாட்டிவிடுவாள். அந்த பஸ்ஸின் சீட் நாற்றம்கூட இப்போது எங்காவது வந்தால் கண்ணை மூடி நின்றுவிடுவேன்.

சேலைக்குக் காந்தம் வைப்பது அவளுடைய கண்டுபிடிப்பு. தொழிற்சாலை விருந்துக்கு அண்ணியின் பட்டுச்சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். தோளில் குத்திய சேஃப்டி பின் இழுத்து, முந்தானை கிழிந்துவிட்டது. அண்ணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அவமானத்தில் பிறந்த யோசனைதான் அது. ரவிக்கைக்கு உள்ளே ஒரு காந்தம், முந்தானைக்கு மேலே இன்னொன்று. டக்கென்று பிடித்துக்கொள்ளும். பட்டில் ஓட்டை விழாது, நாள் முழுக்க ஆடினாலும் மடிப்பு அசையாது.

எங்கள் மலாய்க்காரப் பெண் மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் ரிஜெக்ட் தட்டிலிருந்து எடுத்தோம். "அம்பில் லா," என்று கையை வீசினார். எடுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் குப்பைக்குத்தானே என்று அர்த்தம். அடுத்த ஹரி ராயா பெருநாளுக்கு அவர் தலைத்துணியிலும் ஒரு ஜோடி மின்னியது. அதை அடுத்து வந்த தீபாவளிக்குள் எங்கள் வரிசையில் பின் குத்தும் பெண் ஒருத்திகூட இல்லை. கைப்பையில் வைத்து பேங்க் கார்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு, கைக்கடிகாரம் நின்றுபோனவர்கள் உண்டு. ஆனாலும் யாரும் மறுபடி சேஃப்டி பின் குத்தவில்லை.

என் கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே வந்து, எனக்கு முந்தானை மடித்துக் காந்தம் வைத்துவிட்டது அவள்தான். பிறகு தன் சேலைக்கும் வைத்துக்கொண்டு, மணவறை ஏறி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு காந்தம் கிட்டே வந்தால் இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அன்று இழுத்தது. நாங்கள் விலகப் பார்த்தால் இரண்டு சேலையும் சேர்ந்து வருகிறது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். கடைசியில் என் தம்பி மணவறை ஏறி, தொழிற்சாலையில் செய்வதுபோல மேலே இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பிரித்துவிட்டான். அந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததும் அவள்தான்.

பிறகு ஒரு நாள் தொழிற்சாலை பெட்டி படுக்கையோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இயந்திரங்களைப் பிளாஸ்டிக் சுற்றி லோரியில் ஏற்றுவதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். ரிஜெக்ட் தட்டுகளை யாரும் ஏற்றவில்லை. தோழி கேண்டீனிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை வாங்கி, மிச்சமிருந்த காந்தங்களை எல்லாம் அதில் போட்டுக்கொண்டாள். தகர டின் என்பதால் அவை சுவரெல்லாம் அப்பிக்கொண்டன. கவிழ்த்தாலும் ஒன்றுகூட விழாது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வந்து நான் பார்த்த ஒரே பயணம் அது.

அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் கிள்ளானிலேயே இருந்துவிட்டேன். முதலில் வாரம் ஒருமுறை, பிறகு தீபாவளிக்குத் தீபாவளி, பிறகு கைப்பேசியில் காலை வணக்கப் பூக்கள் என்று எங்கள் உறவும் எல்லார் உறவையும் போலத்தான் ஆகிப்போனது.

போன வருடம் என் தம்பி வந்து கேட்டான். அவனுக்குக் கிள்ளான் பக்கத்து மேரு என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறை. பழைய கணினிகளைப் பிரித்து, செம்பு தனியாக அலுமினியம் தனியாக விற்கிற தொழில்.

"அக்கா, உங்க பெக்டரி ரிஜெக்ட் மேக்னட் ஏதாச்சும் இருக்கா?"

"ஏன்டா, பிரிட்ஜுல ஒட்டவா?"

"இல்லக்கா. நாட்டுக்கு."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. மின்சாரக் கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் இந்த மாதிரிக் காந்தம் இல்லாமல் முடியாதாம். செய்தியில் அரிய மண், ரேர் எர்த் என்று சொல்கிறார்களே, அதுதான் இதற்குள் இருக்கிறதாம். நம் மண்ணிலும் உண்டு, ஆனால் தோண்டி, பிரித்து, உலோகமாக்கிக் காந்தமாக்குவதற்குள் எத்தனையோ நாட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒருத்தர் கதவைச் சாத்தினாலும் அவ்வளவுதான். ஏற்கெனவே நாட்டுக்குள் கிடக்கும் பழைய காந்தங்களோ கழிவோடு கழிவாகக் கப்பலேறிப் போகின்றன. அவற்றை இங்கேயே புதிய காந்தமாக்க முடியும் என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் முயன்று பார்க்கிறது, காந்தம் கொடுக்கும் வேலை தம்பிக்கு வந்திருக்கிறது.

"எல்லாம் ஒரே ரகமா இருக்கணும்கா. நான் பிரிக்கிறதெல்லாம் கலந்து கெடக்கு. உங்களோடது ஒரே ரகம். மொதல் தடவைக்குக் கொஞ்சம் போதும். ரெண்டாவதுக்கு நெறைய வேணும். குடுக்க முடியலன்னா அவங்க வேற ஆளப் பாத்துருவாங்க. நான் மறுபடியும் கப்பல்காரனுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நாங்கள் குப்பை என்று சொல்லி முந்தானையில் மாட்டிய பொருளுக்கு இப்படி ஒரு யோகம். கிள்ளானில் இருக்கும் பழைய வரிசைப் பெண்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். ஒருத்தி சாமி அலமாரிக் கதவில் வைத்திருந்தாள். கழற்றியதும் கதவு திறந்துகொண்டு முருகன் எட்டிப் பார்த்தார். இன்னொருத்தி தைக்கும்போது விழும் ஊசியைப் பொறுக்க வைத்திருந்தாள். கொடுத்துவிட்டு, "அப்ப ஊசி வுழுந்தா நீ வந்து பொறுக்கு," என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்துக் குடித்து எனக்கு வயிறு ஊதிவிட்டது. ஆனால் அத்தனை முகத்தையும் முகமூடி இல்லாமல் பார்த்ததில் அப்படி ஒரு சந்தோஷம்.

சேர்ந்தது முதல் தடவைக்கே போதுமோ போதாதோ. இரண்டாவதுக்கு என் தோழியின் டின் வேண்டும். கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். அவள் அடுக்குமாடி வீட்டில் மகள் கல்யாணத்துக்கான தாம்பூலப் பைகள் கூடம் முழுக்கக் கிடந்தன. அலமாரி மேல் அந்த டின் இருந்தது. துரு பிடித்திருந்தாலும் அதே டின்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நம்ம பெக்டரிய மூடினப்ப இந்த நாடு எங்கடி போயிருந்துச்சு? காந்தம் பாக்கத் தெரிஞ்ச அத்தன கை வாசல்ல நின்னுச்சே, ஒருத்தன் வந்து கேட்டானா? இப்ப மட்டும் முக்கியமா போச்சா?"

அவள் சொன்னது உண்மை, அதனால் கோபமும் வந்தது.

"நாட்ட விடு. என் தம்பிக்குக் குடு," என்றேன்.

அவள் தாம்பூலப் பை ஒன்றை எடுத்து மடித்தாள். "உன் தம்பி புதுசா செய்யிறது பழசு மாதிரி புடிக்குமா? பவுடராக்கி ஒட்டுனது, சும்மா பேருக்கு இருக்கும்லா. மொதல் தடவ செஞ்சத நீ என் மக கல்யாணத்துக்குச் சேலையில வச்சுட்டு வா. என் தோள புடிக்கட்டும். அப்பறம் பாப்போம்."

விளையாட்டாகச் சொன்னாளா, வீம்புக்குச் சொன்னாளா என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவளை எனக்குத் தெரியும். வீம்புதான்.

முதல் தடவைக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, என் கல்யாணச் சேலைக்கு வைத்த காந்த ஜோடியையும் கொடுத்துவிட்டேன். மேருவில் அவன் பட்டறைக்குப் போய் நானே என் கையால் தட்டில் வைத்தேன். முதலில் அடுப்பில் வைத்துச் சூடாக்குவார்கள். சூடு ஏறினால் காந்தம் பிடிப்பை விட்டுவிடும், அப்போதுதான் உடைத்துத் தூளாக்க முடியும். ஆறியதும் என் இரண்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். வெறும் இரண்டு கல். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. இதற்குப் போய் அழுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதேன். தம்பி வேறு பக்கம் திரும்பி, திருகாணிகளைக் காரணமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஆய்வுக்கூடத்தில் அதைத் தூளாக்கி, அழுத்தி, சுட்டு, மறுபடியும் காந்தமேற்றி, வாரக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டார்கள். செய்ததில் ஒன்றைத் தம்பி எனக்கு வாங்கி வந்தான். பளபளப்பு கிடையாது. கறுத்துப்போய், கருகின வடைத் துண்டு மாதிரி இருந்தது. துருப்பிடிக்காமல் வார்னிஷ் பூசியிருந்தான். இயந்திரத்தில் சோதித்ததில் நன்றாகத்தான் இருக்கிறதாம். எங்களுக்கு வைத்திருந்த சோதனை வேறு.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில். ஒரே ஒரு காந்தம்தான் என்பதால், ரவிக்கைக்கு உள்ளே தம்பி கொடுத்த இரும்பு வாஷரை வைத்து, முந்தானைக்கு மேலே கறுப்புக் காந்தத்தை வைத்தேன். சேலை நின்றது. ஆனால் இரும்பைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை, அது எனக்கும் தெரியும்.

மணப்பெண்ணுக்கு விபூதி பூசிவிட்டுத் திரும்பினேன். தோழி எதிரே நின்றாள். பட்டுச்சேலை, நரைத்த முடி, தோளில் அந்தப் பழைய பிறைக் காந்தம். அவளுக்கும் பயம் என்று கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முகமூடிக்கு மேலே அந்தக் கண்ணைத்தானே நான் வருஷக்கணக்கில் படித்தேன். கீழே முதல் வரிசையில் என் தம்பி சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

கட்டிப்பிடித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தோளைக் கொஞ்சம் இறக்கினாள்.

டக்.

"ஐயோ, புடிச்சிருச்சுடி," என்றாள் என் காதுக்குள். விலகிப் பார்த்தோம். இரண்டு சேலையும் சேர்ந்து வந்தது. எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் கீழே எழுந்து நின்று கைதட்டினார்கள். சாமி அலமாரிக்காரி விசில் அடித்தாள். படம் எடுப்பவர், "ஆன்டி, அப்படியே நில்லுங்க, இன்னொரு ஷாட்," என்று கத்தினார். எங்களால் வேறு எப்படியும் நிற்க முடியாது என்று அவருக்கு யார் சொல்வது.

தம்பி மேலே வந்து பக்கவாட்டில் தள்ளிப் பிரித்துவிட்டான். தோழி அவனைப் பார்த்து, "தாம்பூலப் பை வச்சிருக்க மேசைக்கு அடியில இருக்கு, எடுத்துக்க," என்றாள்.

போய்ப் பார்த்தான். வெள்ளைத் துணிக்குப் பின்னால் பிஸ்கட் டின் இருந்தது. துருவைத் துடைத்து, மூடி கழன்றுவிடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பந்திக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையிலயே கொண்டாந்துட்டியா? புடிக்காம போயிருந்தா?"

"புடிக்காட்டியும் குடுத்திருப்பேன்லா," என்றாள். "மறுபடியும் செஞ்சு பாக்கச் சாமான் வேணும்ல?"