படித்துக் காட்டாத தாள்

குணமாகாது என்று மருத்துவர்கள் கைவிரித்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. அங்கே சேர்க்கை மேசையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தாள் அவள். வருகிறவர்களிடம் அவர்களுடைய உரிமைகள் அச்சிட்ட தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. வலிக்கு மருந்து கேட்கலாம், வேண்டாத சிகிச்சையை மறுக்கலாம், விரும்பியவரைப் பார்க்கலாம் என்று போகும் அந்தத் தாளில், நான்காவதாக இருந்தது இது: தன் நோயின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கே உண்டு, குடும்பத்தார் அதைத் தடுக்க முடியாது.

நோயாளியாக ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்த அன்று அவருடைய மகள் முன்னாலேயே ஓடிவந்து மேசையில் கையூன்றி நின்றாள்.

"அக்கா, அப்பாவுக்கு எதுவும் தெரியாது. உடம்பு தேறத்தான் இங்க வர்றோம்னு சொல்லியிருக்கேன். அந்தப் பேப்பரைப் படிச்சீங்கன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவாரு."

அழுது அழுது முகம் வீங்கியிருந்த அந்தப் பெண்ணிடம் மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சக்கர நாற்காலியில் வந்தவரிடம் வழக்கமான கையெழுத்துதான் என்று தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார். கிடைக்காததால் அவள் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

முதல் நாளே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இல்லத்து லிஃப்ட் போடுகிற முனகலைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டு, இதற்கு எண்ணெய் போட்டவன் சமையல்காரனாக இருக்க வேண்டும் என்றார். சாப்பாட்டு இடைவேளையில் அவள் போய்ப் பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தம்பியைப் பற்றிச் சொன்னார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த விஷயத்தில் வாய்த்தகராறு, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. தப்பு தன் மேல்தானாம். போனில் கூப்பிடலாமே என்றாள் அவள்.

"படுத்துக்கிட்டே கூப்பிட்டா பரிதாபம் தேடுறேன்னு நினைப்பான். எழுந்து நடமாடுறப்ப நேரா அவன் வாசல்ல போய் நிக்கணும் தங்கச்சி."

அவள் அவருடைய போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். மறுவாரம் எதிர்க்கட்டிலில் இருந்தவர் இறந்துபோக, மெக்கானிக் அவளை அருகில் அழைத்துக் கேட்டார்.

"மறைக்காம சொல்லு. இது சாகப்போறவங்க இருக்குற இடமா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. தேறிப் போறவங்களும் இருக்காங்க."

ஒன்பது வருஷத்தில் யாரும் தேறிப் போனதில்லை. அவர் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார். அதிலிருந்து எட்டாம் நாள் அவருக்குப் பேச்சு நின்றது. மகள் பதறிப்போய்ச் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். தம்பி வந்து மூன்று மணி நேரம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கண் திறக்கவே இல்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

போகிறபோது தம்பி மேசையருகே நின்றார். அண்ணன் தன்னைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள், தாளைப் படிக்காததையும் சேர்த்து.

"உண்மை தெரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பாரா?"

"அன்னிக்கே கூப்பிட்டிருப்பாரு."

அவர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் மேலாளரிடம் தானே போய்ச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதானே என்று வீட்டில் கணவன் தேற்றப் பார்த்தான். கெஞ்சிய பெண் மேல் இரக்கப்பட்டது சரி, கையெழுத்துப் போட்ட மனிதர் மேல் ஏன் படவில்லை என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு மகன் தன் அம்மாவுக்காக அதே மாதிரி கெஞ்சினான். அவள் முடியாது என்றாள். கல் நெஞ்சுக்காரி என்று அவன் திட்டியதை வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை முழுசாக வாசித்தாள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லும்மா. இன்னிக்குத் தூங்கணும்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்க வேண்டிய நாலு பேர் பெயரைச் சொன்னார். அவள் நாலையும் எழுதிக்கொண்டு, முதல் பெயருக்குப் போன் போட மேசைக்குப் போனாள்.