கல்யாணமில்லாத தாம்பூலப் பைகள்

எங்கள் அம்மாவை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைவிலிருந்து கலங்கியவர்களுக்கும் இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அம்மா கொடுமுடிக்குப் பக்கத்தில், தோட்டங்காடுகளில் கூலிவேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மணமாகிச் சிங்காநல்லூர் வந்தபின், அப்பாவின் மில் சம்பளம் போதாமல் தையல் பழகினார். இரு தரப்பிலும் முதலில் படித்தவன் நான்தான். கல்லூரிக்கு நான் போட்டுப்போன சட்டைகள் எல்லாம் அம்மா தைத்தவை. எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகவே இருக்கும். கேட்டால், "இன்னும் வளருவே கண்ணு" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி இருப்பதைப் பல மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "இதையப் போயி ஆருகிட்டச் சொல்றது" என்று பிறகு எங்களையே கேட்டார். ஒரு பக்கத்தை எடுத்த பின்னும் சில ஆண்டுகள் எங்களோடு இருந்தார்.

அந்த ஆண்டுகளில்தான் தாம்பூலப் பைகள் தைக்கத் தொடங்கினார். மஞ்சள் பருத்தித் துணியில் பை தைத்து, ஓரத்தில் ஒரு சின்ன மாங்காயை ஊசி நூலால் கையாலேயே போடுவார். கல்யாண வீட்டார் விரும்பி வாங்கினார்கள். செலவு போக மிஞ்சியதை, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யும் வண்டிக்குக் கொடுத்துவிடுவார்.

வண்டி போனது. பெண்கள்தான் வரவில்லை. ஊர் நடுவே அதன் பக்கத்தில் நின்றால் வீட்டில் கேள்வி வரும். "நாம தைக்கறதெல்லாம் டீசலுக்குத்தான் போவுது. என்னையாட்டவே எல்லாரும் மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க" என்று அம்மா வருந்துவார்.

ஒருமுறை, மணமக்கள் பெயர் அச்சிட்ட பைகளைக் கொடுக்கப் போன இடத்தில், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் காசு எதற்குப் போகிறது என்று கேட்டிருக்கிறார். அம்மா உள்ளதைச் சொன்னார்.

"நல்ல காரியத்துல அந்தப் பேச்சு எதுக்குங்க அம்மணி? பையி வேண்டாமுங்க, எடுத்துட்டுப் போயிருங்க."

பைகள் ஆட்டோவில் திரும்பி வந்தன. "ஒரு பொய்யச் சொல்லிப்போட்டு வந்திருந்தா என்னவாம்?" என்றார் அப்பா. மறுநாள் அம்மா, அப்பாவின் தங்கையான எங்கள் அத்தையைக் கூப்பிட்டார்.

"அம்மணி, ஒரு கண்ணாலம் வெச்சரலாமா?"

"ஆருக்குங்க அண்ணி?"

"இந்தப் பையில பேரு இருக்கறவங்களுக்குத்தான்."

திட்டம் இதுதான். வண்டியை ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் நிறுத்துவது. பெண்கள் கல்யாணத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவது. திரும்பும்போது கையில் தேங்காய் வெற்றிலையோடு பை இருக்கும், பையில் பெயரும் இருக்கும். அம்மா உடனே தேதியும் குறித்துவிட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "ஆடியில எவனுங்க அண்ணி கண்ணாலம் வெக்கறான்? மொதப் பொய்யே நிக்காது."

ஆவணியில் நடந்தது. அத்தை காதோடு காதாகச் சொல்லிவைத்த பெண்கள் பட்டுடுத்தி, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார். "மாப்பிள்ளை எங்கீங்க?" என்று ஒருவர் கேலியாகக் கேட்க, "உள்ள வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கற டாக்டரம்மாதானுங்க, போயிப் பாருங்க" என்றார். பயந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்று வந்த ஒருவருக்குக் கட்டி இருப்பது தொடக்கத்திலேயே தெரிந்தது. அவர் கணவரிடம் அம்மாவே நேரில் போய்ப் பேசி, மருத்துவமனைக்கும் உடன் போனார். அந்தச் சகோதரி இன்று நலமாக இருக்கிறார்.

போன ஆண்டு அம்மாவுக்கு நோய் திரும்பி வந்தது. விரல்கள் மரத்துப்போன பின் நான் நூல் கோத்துக் கொடுப்பேன். படுத்தபடியே மாங்காய் போடுவார். ஒரு காலையில் அப்பாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் பிரிந்தார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், இரவு பகல் பாராமல் துணையிருந்த அக்கம்பக்கத்தார், எல்லாம் சுமந்த அத்தை, அனைவருக்கும் எங்கள் நன்றி. பெயரும் ஊரும் இங்கே எழுத முடியாத சகோதரிகளுக்குத் தனியே நன்றி. நீங்கள் வந்ததால்தான் அம்மா நிம்மதியாகப் போனார்.

வண்டி அடுத்த மாதமும் வருகிறது. வீட்டில் சொல்லிவிட்டு வர முடிந்தவர்கள் சொல்லிவிட்டே வாருங்கள். முடியாதவர்கள் அத்தையைக் கேளுங்கள். கல்யாணப் பொய்யை நான் இங்கே அச்சில் போட்டு உடைத்துவிட்டதால், அவர் புதிதாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறார். அதை என்னிடம்கூடச் சொல்ல மறுக்கிறார்.