செருப்புகளில் தொடங்கும் சபை வரலாறு

நனைந்த தோலின் மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு வியாழக்கிழமைதான் ஞாபகம் வரும். அதுவும் இலக்கமிட்ட வரிசையில்தான் வரும்:

1. பிற்பகல் மூன்று மணிக்கு ஆராதனை தொடங்கியது. வழமைபோல் முப்பத்தொரு சோடிச் செருப்புகளும் சப்பாத்துகளும் கதவுக்கு வெளியே, கார்கள் இறங்கும் சரிவுப் பாதையில் கிடந்தன.
2. இரண்டாவது ஞானப்பாட்டின்போது மழை பிடித்தது. பாட்டுச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.
3. அந்தப் பாட்டுக்கு எட்டுச் சரணங்கள். எட்டையும் பாடினோம்.
4. செருப்புகள் சரிவில் மிதந்து இறங்கின.
5. கீழே இருந்த வடிகாலின் கம்பி மூடியை அவை அடைத்துக்கொண்டன.
6. அயலவர்களின் பதினொரு கராஜ்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

எங்கள் சபையின் வரலாற்றை எழுதித் தரும்படி சபையார் என்னைக் கேட்டபோது, கட்டட வரைபடம் போடுவதைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால் அத்திவாரக் கல்லிலிருந்து தொடங்குவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். எங்களுக்கு அத்திவாரக் கல் இல்லை. இருந்தது ஒரு கராஜ்.

தொண்ணூறுகளில் சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ போகும் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டங்களை வெட்டி ஐந்து மாடிக் குடியிருப்புகளை வரிசையாக எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் கடைசித் தரிப்பில் நின்றதும் சீமெந்துத் தூசியும் எலுமிச்சைப் பூவும் சேர்ந்து மணக்கும். அங்கே இருந்த ஒரு குடியிருப்பில் ஹெல்கா அன்ரி வசித்தார். சிசிலிக்காரரை மணந்து வந்து விதவையான ஜெர்மன்காரி, பிறப்பிலேயே லுத்தரன். கணவரின் காரை விற்றபின் வெறுமையான கராஜை அவர் எங்களுக்குத் தந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘வாங்கோ’. நாங்கள் போகும்போதும் அதையே சொல்வார்.

‘எங்களுக்கு’ என்றால் ஏழு குடும்பங்கள். அப்பாவின் தகப்பனார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்த காலத்தில் லுத்தரன் சபையில் சேர்ந்தவர். மற்றக் குடும்பங்களுக்கும் அப்படி ஒவ்வொரு கதை இருந்தது. பலெர்மோத் தமிழரில் கத்தோலிக்கரும் சைவருமே அதிகம் என்பதால் எங்களுக்குக் "கராஜ் வேதக்காரர்" என்று பட்டம் வைத்திருந்தார்கள். போதகர் மாதத்தில் ஒருமுறை இத்தாலியின் பெருநிலப்பக்கத்திலிருந்து கடல் தாண்டி வருவார். மற்ற வாரங்களில் அப்பா பிரசங்கத்தை வாசிப்பார்.

ஆராதனை ஞாயிற்றுக்கிழமையில் நடக்கவில்லை. எங்கள் பெற்றோர் எல்லோரும் வீட்டு வேலை செய்தவர்கள்; ஞாயிறு மதியம் எஜமானிச் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் பெரிய சாப்பாடு, யாராலும் வெளியே வரமுடியாது. வியாழன் பிற்பகல்தான் எல்லோருக்கும் ஓய்வு. ஆகவே வியாழனே எங்களுக்குக் கர்த்தருடைய நாள். பள்ளிக்கூடத்தில் ஆண்டவர் ஓய்ந்திருந்த நாள் எது என்று ஆசிரியை கேட்டபோது நான் எழுந்து ‘ஜொவெதி’ என்று வியாழனைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நான் திருத்திக்கொள்ளவில்லை.

மழை பெய்த அன்று ஆண்கள் வெறுங்காலோடு இறங்கி, ஞானஸ்நான வாளி உட்பட அகப்பட்ட எல்லா வாளிகளாலும் அயலவர்களின் கராஜ்களிலிருந்து தண்ணீரை இறைத்தார்கள். வடிகாலிலிருந்து கடைசியாக எடுத்தது ஹெல்கா அன்ரியின் மண்ணிறச் சப்பாத்து. எங்களைப் பார்த்துப் பழகி, கம்பளிக் காலுறையோடு அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டே உள்ளே வருவார்.

முதலாம் மாடி சிஞ்ஞோரா கார்மெலாவின் கராஜில் மூன்று பெட்டிகள் சேற்றில் நின்றன. உள்ளே அவருடைய மகளின் கொரேதோ, அதாவது கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்த சீர்த்துணிகள். கார்மெலாவின் தாய் கையால் பூப்பின்னிய படுக்கை விரிப்புகள். அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கார்மெலா சத்தமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும் சத்தமாகச் சொன்னார்: "இந்தக் கராஜ் இனிமேல் பூட்டித்தான் கிடக்கும். கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன்." அடுத்த வாரம் குடியிருப்பாளர் கூட்டம். அதில் கைகள் உயர்ந்தால் சபைக்கு வேறு இடம் கிடையாது. அதற்கு முன் மூன்று இடங்களில் எங்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

சிலருக்குச் செருப்பே அகப்படவில்லை. எங்கள் வீட்டில் மூவருக்கும் அகப்படவில்லை. போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வெறுங்காலோடு பஸ் ஏறினோம்.

"அந்தத் துணியளைத் தாங்கோ, தோய்ச்சுத் தாறம் எண்டு கேப்பமே?" என்றார் அப்பா.

"என்னாலை ஏலாது. ஆறு நாளும் அவையின்ரை வீட்டைக் கழுவுறன். வியாழக்கிழமை நான் கழுவுற வீடு ஒண்டே ஒண்டுதான்" என்றார் அம்மா.

"எங்கடை செருப்பெல்லே அடைச்சது?"

"எட்டுச் சரணமும் பாடவேணுமெண்டு நிண்டது ஆர்? அவரைத் தோய்க்கச் சொல்லுங்கோ."

நின்றவர் அப்பாதான். இரண்டு தரிப்புகள் கழிந்தன. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, தனக்கே சொல்வதுபோல், "சேத்தோடை ரெண்டு நாள் கிடந்தால் கறுப்புப் புள்ளி விழும். பிறகு ஒருத்தராலும் எடுக்கேலாது" என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கார்மெலாவின் வீட்டு மணியை அழுத்தினார். கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது.

"எனக்கு வேலைக்காரி தேவையில்லை."

"நான் வேலை கேட்டு வரவில்லை" என்று அம்மா தன் இத்தாலியனில் சொன்னார். "என் செருப்பு செய்த பிழைக்கு வந்திருக்கிறேன். விரிப்புகளை இன்றைக்கே தந்தால் காப்பாற்றலாம். நாளைக்கு வந்து கேட்டீர்களென்றால் நானும் அழத்தான் வேண்டும்."

மூன்று நாள்கள் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டுச் சேற்றை இறக்கி, பிறகு சவர்க்காரம், பிறகு எலுமிச்சை, பிறகு வெயில். பெரிய வீடுகளில் பத்து வருடம் கற்ற வேலையை அம்மா வரிசை பிசகாமல் செய்தார். பல்கனியில் வெள்ளை விரிப்புகள் தொங்கியதைக் கண்டு கீழே சந்தையில் மீன் விற்றவர், "யாருக்குக் கல்யாணம்? எங்களுக்குச் சொல்லவில்லையே!" என்று கத்தினார். "என்ரை மனுசனுக்கு! இந்தமுறை பாடத் தெரியாத பொம்பிளையாப் பாக்கிறம்!" என்று அம்மா தமிழில் கத்தினார். அப்பா உள்ளே இருந்து சிரித்த சத்தம் சந்தைவரை கேட்டிருக்கும்.

கூட்டத்துக்கு ஹெல்கா அன்ரி தன் விருந்தினராக எங்களை அழைத்துப் போனார். முறைப்பாடு வாசிக்கப்பட்டது. கார்மெலா எழுந்தார். விரிப்புகள் திரும்பிவிட்டதாகவும் ஒரு புள்ளிகூட இல்லையென்றும் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏன் செருப்பைக் கழற்றுகிறீர்கள்? அது ஒரு கராஜ்!"

அம்மா எழுந்தார். சிஞ்ஞோராக்களின் முன்னால் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வதே வழக்கம், அன்று கட்டவில்லை.

"அந்தத் தரையைத் துடைப்பவள் நான், சிஞ்ஞோரா. ஆறு நாள்கள் மற்றவர்கள் சொல்லும் வீடுகளைத் துடைக்கிறேன். வியாழக்கிழமை ஒரு வீட்டை மட்டும் துடைக்கிறேன், அதையும் யாரும் சொல்லாமல். அதில் செருப்போடு நடக்க நான் யாரையும் விடமாட்டேன். நீங்கள் வந்தாலும்தான்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கார்மெலா சிரிக்கவில்லை. "அப்படியானால் செருப்பை உள்ளே வைக்க ஒரு பலகைத் தட்டு அடியுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்து, கையை உயர்த்தினார். ஹெல்கா அன்ரியோடு சேர்த்து எட்டுக் கைகள் எங்களுக்கு ஆதரவாக, நான்கு எதிராக. எதிர்த்த நால்வரில் ஒருவர் இன்றும் படிக்கட்டில் எங்களுக்கு வணக்கம் சொல்வதில்லை.

அந்தக் கூட்டத்தின் அறிக்கையே எங்கள் சபையின் பெயர் பதிவான முதல் தாள். "லுத்தரன் வழிபாட்டுக் குழு தன் காலணிகளை உள்ளே வைத்துக்கொள்ளும் நிபந்தனையுடன்" என்று அதில் இருக்கிறது. பளிங்கில் வெட்டிய கல்வெட்டு உள்ள தேவாலயங்கள் இந்நகரில் எத்தனையோ. இந்த ஒரு வரியை நான் அவற்றில் எதற்கும் மாற்றித் தரமாட்டேன்.

தட்டை அப்பா பழைய அலுமாரிப் பலகையில் அடித்தார். ஒன்று முதல் நாற்பது வரை இலக்கம் எழுதியவள் நான். அதுதான் என் முதல் தொழில்நுட்ப வேலை.

இப்போது எலுமிச்சைத் தோட்டங்கள் இல்லை. பஸ் இன்னும் ஆறு தரிப்புகள் தாண்டிப் போகிறது. ஹெல்கா அன்ரி கராஜைச் சபைக்கு எழுதிவைத்துவிட்டுக் காலமானார். வியாழன் ஆராதனையும் நின்றுவிட்டது; எங்கள் தலைமுறையில் யாருக்கும் வியாழன் ஓய்வில்லை. "கராஜ் வேதக்காரர்" என்று சொல்வோரும் இல்லை. சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

சபை அதே கராஜில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அம்மாதான் இன்னும் தரையைத் துடைக்கிறார். சென்ற வருடம் நான் வரைபடம் போட்டுக் கொடுத்து வடிகாலை இரண்டு மடங்கு அகலமாக்கினோம். செருப்புகள் உள்ளே இருக்கின்றன.