கூடத்துக்குள் ஓடிய அக்தரி பேகம்

வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் விளையாட்டுக் கூடத்தில் அக்தரி பேகம் முதன்முதலாக ஓடியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம் அது.

அவர் ஆம்பூர்க்காரர். கணவர் இறந்தபின், தோல் வியாபாரம் செய்த தம்பி சர்தார் பாஷாவின் வீட்டில் இருந்தார். தம்பி மகள் சைரா கல்லூரியில் சேர்ந்ததும் வேலூரில் ஒரு வீடு பிடித்து, அத்தையைத் துணைக்கு அனுப்பினார்கள். திரை கட்டிய ஜட்காவில் இருவரும் போவார்கள். சைராவின் பாடம் முடியும்வரை அக்தரி பேகம் அந்தக் கூடத்தில் காத்திருப்பார்.

கல்லூரிக்கு எல்லாமே அந்தக் கூடம்தான். காலையில் பிரார்த்தனை, பரீட்சைக் காலத்தில் மேசை வரிசை, அடைமழையில் விடுதிப் பெண்களின் துணிக்கொடி, சாயந்தரம் பந்து. ஜன்னல்கள் கூரையை ஒட்டி இருந்ததால் வெளியிலிருந்து எவரும் எட்டிப் பார்க்க முடியாது. மேலிருந்து இறங்கிய வெளிச்சம் மரத்தரையில் மெல்ல ஊர்ந்துபோகும். அதைப் பார்த்தபடி இருக்கையில், தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல அவருக்குத் தோன்றும்.

ஒரு மழை நாளில் மாணவிகள் எறிந்த பந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது.

"எடுத்துப் போடுங்கம்மா!" என்றார் டிரில் டீச்சர் அமிர்தவள்ளி.

எடுத்தார், போடவில்லை. புர்காவைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். மாணவிகள் விலகி நின்றார்கள். சைரா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஓட்டின்மேல் மழை கொட்டியது. சிறுமியாக இருந்தபோது, இனி வாசலுக்குப் போகாதே என்று வீட்டில் சொன்ன நாளோடு நின்றுபோன ஓட்டம் அது. சுவரைத் தொட்டார், திரும்பினார், மறுபடி ஓடினார். காற்று காதில் பேசியது. தன் உடம்புக்கு எடையே இல்லை என்று அவர் நினைத்தார்.

அதன்பின் தினமும் ஓடினார். ஒருநாள் சறுக்கிக் கணுக்கால் வீங்கியது. செய்தி கேட்டுத் தம்பி ஆம்பூரிலிருந்து வந்தார்.

"காலுக்கு இன்னா ஆச்சு, ஆபா?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஓடுனேன். சறுக்கிடுச்சு."

"ஓடுனீங்களா? யாரு தொரத்துனாங்க?"

"யாரும் தொரத்தல. காலேஜ் கூடத்துல சும்மா ஓடுனேன்."

"அங்க ஆம்பளைங்க?"

"யாரும் உள்ள வர்றதில்ல."

அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "பேஜாரா இருக்கு, ஆபா. ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"தெரியல, சர்தார். அங்க இருக்கறப்ப எனக்கு மூச்சு முட்டறதில்ல."

சரி என்றும் சொல்லாமல், கூடாது என்றும் சொல்லாமல் தம்பி ரயிலேறினார். சில வாரம் கழித்து ஒரு பொட்டலம் அனுப்பினார். மெல்லிய ஆட்டுத்தோல் செருப்பு. தரையில் வழுக்காதபடி தோலின் சொரசொரப்பான பக்கம் அடியில் வருமாறு தைத்திருந்தது.

சைரா படிப்பை முடித்தபோது அக்தரி பேகம் ஆம்பூர் திரும்பவில்லை. அமிர்தவள்ளியிடம் கேட்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் ஊர்ப் பெண்களுக்காகக் கூடத்தைத் திறக்க வைத்தார். தோல் மண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். சிலர் பந்து விளையாடினார்கள், சிலர் வெறுமனே படுத்துக் கூரையைப் பார்த்தார்கள். அன்வரி பேகம் என்றொருத்தி வந்ததும் தூங்கிவிடுவாள். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அக்தரி பேகம் எந்த ஆட்டத்தின் விதியையும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. எந்தக் கட்சி என்று கேட்டால், "நீங்க ஆடுங்க, நான் ஓடறேன்" என்பார்.